நெய்வேலிக்கு அடுத்து என்ன? கணினி தரும் பதிலை எப்படிப் படிப்பது

நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் 1962-ல் ஓடத் தொடங்கி 2020-ல்தான் முழுதாக நின்றது. மின் நிலையம் கட்டும் முடிவு இப்படித்தான், எடுத்தவர்கள் ஓய்வுபெற்ற பிறகும் ஊரில் நிற்கும். பக்கத்திலேயே 1,000 மெகாவாட் புது நிலையம் வந்துவிட்டது. அது எத்தனை காலம் ஓடலாம், சூரிய மின்சாரமும் பேட்டரியும் எவ்வளவு சேர்க்கலாம் என்று பார்க்க, திட்டமிடுபவர்கள் ஆற்றல் அமைப்பு மாதிரிகளை, அதாவது மின் அமைப்பைக் கணக்காக எழுதிக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் நிரல்களை, நாடுகிறார்கள்.

மின்தேவை, எரிபொருள் விலை, கட்டுமானச் செலவு, வட்டி ஆகியவற்றைக் கொடுத்தால், இவற்றில் பல மாதிரிகள் 2050 வரை மொத்தச் செலவு ஆகக் குறைவாக வரும் வழியைத் தேடித் தரும். பழுப்பு நிலக்கரி மின்சாரம் யூனிட் 5 ரூபாய், சூரிய மின்சாரமும் பேட்டரியும் சேர்ந்து 5 ரூபாய் 5 காசு என்று வைத்துக்கொள்வோம். வேறு கட்டுப்பாடு இல்லையென்றால் கணினி முழுக்கச் சுரங்கத்தின் பக்கம் சாயும். பேட்டரிச் செலவைப் பத்துக் காசு குறைத்துப் போடுங்கள், அப்படியே மறுபக்கம் சாய்ந்துவிடும். அறிக்கையில் அச்சாவதோ ஒரே ஒரு வரைபடம்!

பத்துக் காசு என்ன, ரூபாய்க் கணக்கிலேயே தவறலாம். 2015-ல் கமுதி சூரிய மின் நிலையத்துக்கு யூனிட் 7 ரூபாய் 1 காசு என்று விலை பேசப்பட்டது. 2020 டிசம்பரில் குஜராத் சூரிய மின்சார ஏலத்தில் நிறுவனங்கள் 1 ரூபாய் 99 காசுக்கு முன்வந்தன. ஊர் வேறு, நிபந்தனை வேறு. ஆனாலும் இந்தச் சரிவை 2015-ல் யாராவது கணக்கில் எழுதியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

எந்த எண் தவறினால் பதில் மாறும் என்று அறிய, ஒவ்வொரு எண்ணாக மாற்றிப் பார்ப்பது எளிய வழி. ஆனால் விலைகள் தனித்தனியாக மாறுவதில்லை. ரூபாய் சரிந்தால் இறக்குமதி நிலக்கரியும் பேட்டரியும் சேர்ந்தே ஏறும். அதனால் எல்லா எண்களையும் ஒன்றாகக் குலுக்கி, ஆயிரக்கணக்கான தடவை ஓட்டும் மாண்டி கார்லோ முறையைக் கையாள்கிறார்கள். எந்த எல்லைக்குள் குலுக்குவது என்பதை அங்கேயும் ஒரு மனிதர்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு நம்பிக்கை தருவது வேறொன்று. ஆகக் குறைந்த செலவைவிட மூன்று, ஐந்து சதவீதம் கூடினாலும் பரவாயில்லை என்று தளர்த்திவிட்டு, ஒன்றுக்கொன்று முடிந்தவரை வேறுபட்ட திட்டங்களைத் தேடச் சொல்வது. எல்லாவற்றிலும் தலைகாட்டும் வேலையை இப்போதே தொடங்கலாம். சிலவற்றில் மட்டும் வருவதை மக்களோடு பேசி முடிவுசெய்யலாம். 2023-ல் நெய்வேலி அருகே வளையமாதேவியில் பயிர் நின்ற நிலத்தில், சுரங்கத்தை நடத்தும் என்எல்சி நிறுவனம் கால்வாய் வெட்டியபோது எழுந்த கொந்தளிப்புக்கு எந்த மாதிரியிலும் விலை எழுதும் கட்டம் கிடையாது. சுரங்க விரிவாக்கம் இல்லாத திட்டத்துக்கு எவ்வளவு கூடுதலாகும் என்று தெரிந்தால், பேச்சுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

மாதிரியின் அமைப்பிலேயே விடுபட்டவற்றை இந்த முறையும் காட்டாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது ஊர்கள் இருண்டதற்கு உற்பத்திப் பற்றாக்குறை காரணமில்லை. கம்பங்கள் சாய்ந்துவிட்டன. மாநிலம் முழுவதையும் ஒரே புள்ளியாகச் சுருக்கிக் கணக்குப் போடும் மாதிரியில் கம்பமே இல்லை; எத்தனை ஆயிரம் முறை ஓட்டினாலும் தானே புயல் அதில் வீசாது. கடலூர் நகரில் மின்கம்பிகளைப் புதைவடமாக மாற்றும் வேலைக்குப் பின்னால் இருப்பது புயல்களில் பட்ட அனுபவம்.