உற்பத்தி நின்ற ஜீப்புக்குச் சாமான் எங்கிருந்து வருகிறது?

மிட்சுபிஷி பஜெரோவின் விற்பனை ஜப்பானில் 2019இல் முடிந்தது. வெளிநாடுகளுக்கான உற்பத்தி 2021இல் நின்றது. அதைச் செய்துவந்த கிஃபு மாகாணத் தொழிற்சாலையும் அதே ஆண்டில் மூடப்பட்டது. 1982இல் ஆரம்பித்த மொடல் அது. கொழும்பில் மொன்டெரோ என்று ஓடுவதும் இதே ஜீப்தான். பழையது ஒன்றை வாங்கப் போனால் வீட்டில் யாராவது சொல்வார்கள்: "கொம்பனியே விட்டிட்டான், இனிச் சாமான் எடுக்கேலாது." அந்தப் பயம் பாதிதான் சரி.

தேய்கிற சாமான்களுக்குப் பயமே வேண்டாம். ஒயில் ஃபில்டர், பிரேக் பேட், பெயாரிங் எல்லாம் பல கொம்பனிகள் செய்பவை. வாங்க ஆள் இருக்கும்வரை செய்வார்கள். எஞ்சினும் பெரும்பாலும் ஒரே மொடலுக்கானது அல்ல. பஜெரோவின் 3.2 லீற்றர் டீசல் எஞ்சினான 4எம்41, டிரைட்டன் பிக்கப்பிலும் வந்தது.

சிக்கல் அந்த மொடலுக்கு மட்டுமே உரிய சாமான்களில்தான். பொனட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தகட்டை வளைக்க ஓர் அச்சு, ஓரம் வெட்ட இன்னொன்று, துளை போட மற்றொன்று என்று ஒரு பொனட்டுக்கே பல அச்சுகள் வேண்டும். ஒவ்வொன்றும் தொன் கணக்கில் பாரம். உற்பத்தி நின்றதும் இவற்றைத் துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசிக் களஞ்சியத்தில் வைப்பார்கள். கையிருப்பு குறையும்போது வெளியே எடுத்து, பிரெஸ்ஸில் பூட்டி, கொஞ்சம் அடித்துவிட்டுத் திரும்ப வைப்பார்கள். கலியாணக் கார்ட் அடிப்பது மாதிரித்தான்: 50 அடித்தாலும் 500 அடித்தாலும் அச்சுப் பூட்டும் வேலை ஒன்றே. அந்தச் செலவு சில பொனட்டுகளின் தலையில் விழுவதால்தான் வருடத்துக்கு வருடம் விலை ஏறுகிறது. உற்பத்தி நின்று 10 ஆண்டளவுக்குச் சாமான் கொடுப்பது இந்தத் துறையில் வழக்கமான கணக்கு. அப்புறம் கேள்வி குறைந்தால் அச்சே பழைய இரும்புக்குப் போய்விடும்.

இதைவிட மோசம், எஞ்சின் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டிகள். அவற்றுக்குள் இருக்கும் சிப்பைச் செய்பவர், கார் கொம்பனிக்காக மட்டும் பழைய சிப்பைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்க மாட்டார். அதனால் கடைசியாக ஒரு தடவை மொத்தமாக வாங்கிச் சேமித்து வைப்பார்கள். அது தீர்ந்தால் பெட்டியும் தீர்ந்தது. போதாததற்கு, போர்டில் இருக்கும் மின்னாற்பகுப்புக் கொள்ளளவிகள் (மின்சாரத்தைச் சற்றுநேரம் சேமிக்கும், உள்ளே திரவமுள்ள சிறு உறுப்புகள்) அலுமாரியில் சும்மா இருந்தாலும் வருடக்கணக்கில் மெல்ல உலரும். வேறொரு வாகனத்தின் எஞ்சினுக்கான மின்னணுப் பெட்டியைக் கழற்றிப் பூட்டினாலும் பல மொடல்களில் சாவியின் குறியீடு பொருந்தாமல் ஸ்டார்ட் ஆகாது. ஆகவே பழைய போர்டைத் திறந்து, உலர்ந்த கொள்ளளவியை மட்டும் மாற்றித் தரும் கைவினைஞர்தான் இத்தகைய ஜீப்பின் ஆயுளை நீட்டுகிறார். அந்த வேலைக்கு நாம் இன்னும் உரிய மரியாதை கொடுக்கவில்லை என்பது என் எண்ணம்.

மற்ற வழி, கொழும்பில் வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை. அங்கே வரும் ரீகண்டிஷன் சாமானில் பெரும்பகுதி, ஜப்பானில் கழித்து உடைத்த வாகனங்களுடையது. ஒரு மொடலின் உற்பத்தி நின்ற பிறகு சில ஆண்டுகள் இந்த வரத்து கூடவும் செய்யலாம். ஏனென்றால் முந்திய ஆண்டுகளில் விற்ற வாகனங்கள் அப்போதுதான் கழிவு வயதை எட்டுகின்றன. அதன்பின் வற்றும். கடைக்குப் போகும்போது சேசிஸ் நம்பரைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரே பெயரில் வந்தாலும் ஆண்டுக்கு ஆண்டு சின்னச் சின்ன மாற்றம் இருக்கும்.

2020இல் இலங்கையில் வந்த இறக்குமதித் தடை தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் தளர்ந்தது. அந்த இடைவெளியில் பழைய ஜீப்பைப் பார்த்துப் பார்த்து ஓட்டியவர்கள் ஏராளம். அவர்களுக்கு ஒன்று: ஹெட்லைட், பக்கக் கண்ணாடி, உள்ளே உள்ள சுவிட்சுகள் நல்ல நிலையில் கண்ணில் பட்டால் வாங்கி வையுங்கள். றப்பர் புஷ், ஹோஸ் போன்றவற்றைச் சேர்த்து வைக்காதீர்கள். கொழும்பு வெக்கையில் அவை பெட்டிக்குள்ளேயே இறுகி வெடிக்கும். தேவைப்படும்போது புதிதாகச் செய்ததை வாங்குவதே நல்லது.