மேப்பிள் விடிலி: 'காபான் ஆ சூக்ர்' என்ற சொல்லும் அதன் மாநகர வடிவமும்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் குளிர்காலம் முடியும் தறுவாயில், இரவில் உறைபனியும் பகலில் இளவெயிலுமாக நாட்கள் மாறிவரும் மார்ச், ஏப்ரல் மாதங்களில், மேப்பிள் மரத்தின் அடித்தண்டில் துளையிட்டால் நீர்போன்ற இனிப்புச் சாறு வடியும். அந்தச் சாற்றை இறக்கிக் கொண்டுவந்து விறகடுப்பில் காய்ச்சும் தோப்புக் கொட்டகைக்குப் பிரெஞ்சு மொழியில் 'காபான் ஆ சூக்ர்' என்று பெயர். மொன்றியல் நகரின் உயர்தர உணவகங்கள் சில, இதே பருவத்தில் அளிக்கும் சிறப்பு விருந்துக்கும் இன்று இப்பெயரையே சூட்டி, 'நகரக் காபான்' என்று அழைக்கின்றன. இவ்விரண்டையும் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இத்தொடரில் உள்ள இரு பெயர்ச்சொற்களுமே நமக்கு முற்றிலும் அயலானவை அல்ல. 'காபான்' என்பது குடிசையைக் குறித்த 'கப்பன்னா' என்னும் பிற்கால இலத்தீன் சொல்லிலிருந்து தென்பிரான்சின் பேச்சுமொழி வழியாக வந்தது. லாரி ஓட்டுநர் அமரும் இடத்தை நாம் 'கேபின்' என்கிறோமே, அதுவும் இதே வேரில் கிளைத்ததுதான். 'சூக்ர்' என்பதன் பயணம் இன்னும் நீண்டது. பருக்கைக்கல், சிறுகல் என்று பொருள்பட்ட சமஸ்கிருதச் 'சர்க்கரா' பாரசீகத்தில் 'ஷக்கர்' என்றும், அரபியில் 'சுக்கர்' என்றும், இத்தாலியத்தில் 'சுக்கெரோ' என்றும் உருமாறிப் பிரெஞ்சை அடைந்தது. அதே சொல் தெற்கே வந்தபோது நமக்குச் 'சர்க்கரை' ஆயிற்று; பிராகிருதம் வழியாக அக்காரவடிசலில் உள்ள 'அக்காரம்' ஆயிற்று. கல் என்ற அந்தப் பழம்பொருள் மேப்பிளுக்கும் பொருந்துகிறது. பாகை டப்பாவில் அடைத்துக் கெடாமல் வைக்கும் வழி வருவதற்கு முன், கியூபெக் உழவர்கள் அதைக் கட்டியாகும்வரை காய்ச்சியே சேமித்தார்கள். இன்று அங்கே விளைவது பெரும்பாலும் பாகாக இருந்தாலும், பெயரில் சர்க்கரை நிலைத்துவிட்டது. ஆனால் இந்தத் தொழிலுக்கு மூலவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் அல்லர். அவர்கள் வந்து குடியேறுமுன்பே மேப்பிள் சாற்றை இறக்கிக் காய்ச்சிவந்தவர்கள் அந்நிலத்தின் தொல்குடிகள் என்பதைச் சொல்லாமல் இச்சொல்லின் வரலாறு நிறைவு பெறாது.

ஒரு லிட்டர் பாகுக்கு ஏறக்குறைய 40 லிட்டர் சாறு வேண்டும். அதனால் அடுப்பு இரவுபகலாக எரியும். அடுப்பு எரியும் இடத்தில் ஆட்கள் கூடுவார்கள். கூடியவர்களுக்குச் சோறு வேண்டும். இப்படித்தான் காய்ச்சும் இடத்தின் பெயர், அங்கே நடக்கும் விருந்துக்கும் ஆகிவந்தது. நீண்ட மேசைகளில் அறிமுகமில்லாதவர்களும் அருகருகே அமர்ந்து பட்டாணி சூப்பு, பன்றிக்கொழுப்புடன் வேகவைத்த பீன்ஸ், தொடைக்கறி, முட்டைப்பொரியல் ஆகியவற்றை உண்பார்கள். எல்லாவற்றின் மேலும் பாகு ஊற்றப்படும். முடிவில், மரத்தொட்டியில் பரப்பிய வெண்பனியின்மேல் கொதிக்கும் பாகை ஊற்றி, அது ஜவ்வு மிட்டாய்போல் இறுகியதும் குச்சியில் சுருட்டித் தருவார்கள்.

இந்த உழவர் உணவை உயர்தரச் சமையலாக மாற்றியவர்களில் முதன்மையானவர் மார்த்தன் பிக்கார். மொன்றியலில் 2001-இல் உணவகம் தொடங்கிய இவர், 2009-இல் நகரத்துக்கு வெளியே மிராபெல் பகுதியில் ஒரு காபானைத் திறந்து, கொழுத்த வாத்து ஈரல் போன்ற விலையுயர்ந்த பொருள்களை அந்தப் பழைய பட்டியலுக்குள் கொண்டுவந்தார். அவருடையது தோப்பை ஒட்டிய இடம். நகரக் காபான்களிலோ பெரும்பாலும் தோப்பும் இல்லை, காய்ச்சும் அடுப்பும் இல்லை; பாகு வெளியிலிருந்து வருகிறது. 2021-இல், பெருந்தொற்றால் காபான்கள் அடைபட்டிருந்தபோது, அவ்விருந்தையே பெட்டிகளில் அடைத்து வீடுகளுக்கு விற்றார்கள். இவ்வாறு ஒரு கட்டடத்தின் பெயர் முதலில் அங்கு உண்ணும் உணவையும், பிறகு எங்கு உண்டாலும் அவ்வுணவையும் குறிக்கும் அளவுக்கு விரிந்திருக்கிறது.

இனித் தமிழ்ச்சொல்லுக்கு வருவோம். 'சர்க்கரைக் குடிசை' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், சர்க்கரையால் கட்டிய குடிசை என்றே படிப்பவர் மனத்தில் படும். 'ஆலை' என்னும் சொல் அழகானது. பெரும்பாணாற்றுப்படை 'விசயம் அடூஉம் புகைசூழ் ஆலை' என்று கருப்பஞ்சாறு காய்ச்சும் இடத்தைக் காட்டி, வழிப்போக்கர்களை அங்கே சாறு பருகச் சொல்வதைப் படிக்கும்போது, அது காபானுக்கு எவ்வளவு நெருங்கிய காட்சி என்று வியக்கத் தோன்றுகிறது. ஆயினும் ஆலை என்பது கரும்பை ஆட்டும் இயந்திரத்தைச் சார்ந்த சொல். இன்று அது பெருந்தொழிற்சாலையையே நினைவூட்டுகிறது. மேப்பிளிலோ ஆட்டுவதற்கு ஏதும் இல்லை.

எனவே நான் முன்வைக்கும் சொல் 'விடிலி'. தூத்துக்குடி, திருநெல்வேலி வட்டாரப் பனங்காடுகளில், பருவகாலத்தில் பனையேறிக் குடும்பங்கள் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி வார்க்கும் ஓலைக்குடிசைக்கு அதுவே பெயர். மரத்திலிருந்து இறங்கும் சாறு, சில மாதங்களே நீடிக்கும் பருவம், தோப்புக்குள்ளேயே அடுப்பு, பதம் பார்த்துப் பாகாகவும் கட்டியாகவும் இறக்கும் கைத்திறன் என எல்லாமே இரண்டுக்கும் பொதுவாக இருக்கின்றன. வழங்கும் வட்டாரம் சிறிது என்பதற்காக, உழைப்பவர் வாயில் வாழும் ஒரு சொல்லைத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டுவது எனக்கு உடன்பாடன்று. மேப்பிள் தமிழ்நிலத்து மரம் அன்று; ஆகவே அதன் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, காய்ச்சும் கொட்டகையை 'மேப்பிள் விடிலி' எனலாம்.

நகர வடிவத்துக்கு மட்டும் ஒரு வரையறை தேவை. அடுப்பில் சாறு கொதிக்காத இடத்தை விடிலி என்று அழைப்பது அச்சொல்லுக்கு இழைக்கும் அநீதி. அங்கே பரிமாறப்படுவதை 'விடிலி விருந்து' என்றும், அதை அளிக்கும் இடத்தை 'விடிலி விருந்தகம்' என்றும் குறிக்கலாம். "மொன்றியலில் ஒரு விடிலி விருந்தகத்தில் உண்டோம், மறுவாரம் மிராபெல்லில் மேப்பிள் விடிலிக்கே போனோம்" என்று எழுதினால், எது எங்கே நடந்தது என்பதில் படிப்பவருக்கு ஐயம் எழாது.