காலி நாற்காலிகிட்ட பேசச் சொல்றாங்களே, அதுல என்னதான் நடக்குது?

கவுன்சிலிங்னா எதிரெதிர்ல உக்காந்து பேசறதுன்னுதான் நம்மாளுங்க நிறைய பேர் நினைச்சிட்டிருக்காங்க. டிராமா தெரபி, அதாவது நடிப்பு மூலமா மனசுக்கு சிகிச்சை பண்றவங்ககிட்ட போனா ஒரு காலி நாற்காலிய முன்னாடி இழுத்துப் போட்டு, இதுல உங்க அப்பா உக்காந்திருக்காரு, சொல்லவேண்டியத சொல்லுங்கம்பாங்க, கொஞ்ச நேரம் கழிச்சு உங்களையே அந்த நாற்காலில உக்கார வெச்சு அப்பாவா பதில் சொல்லச் சொல்லுவாங்க. பாக்கறவங்களுக்கு சின்னப்புள்ள விளையாட்டு மாதிரிதான் தெரியும். இதுக்கு எல்லாரும் சொல்ற விளக்கம், உள்ள அமுக்கி வெச்சத கத்தி அழுது கொட்டிட்டா லேசாயிடும்ங்கறது. அது பாதிகூட சரியில்லங்கறது என் கட்சி.

2002-ல பிராட் புஷ்மன்னு ஒரு அமெரிக்க உளவியல்காரர் காலேஜ் பசங்கள வேணும்னே கோவப்படுத்திட்டு, ஒரு குரூப்ப அந்தக் கோவப்படுத்தின ஆள நினைச்சுக்கிட்டே குத்துற பைய குத்தச் சொன்னாரு, இன்னொரு குரூப்ப உடற்பயிற்சின்னு நினைச்சு குத்தச் சொன்னாரு, மூணாவது குரூப் சும்மா உக்காந்திருந்தது. ஆள நினைச்சு குத்துனவங்களுக்குத்தான் கடைசில கோவம் ஜாஸ்தியா இருந்தது, சும்மா இருந்தவங்ககிட்ட ஆக்ரோஷம் கம்மி. ஆக கொட்டறதுல மட்டும் விஷயம் இல்ல.

விஷயம் 'தூரம்'ங்கறதுல இருக்கு, அதாவது நமக்கும் நாம போடற வேஷத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளில. இது கடலூர் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் கூத்து விடிய விடிய பாத்தவங்களுக்குப் புதுசா இருக்காது. துகில் உரியற காட்சி நடக்கற ராத்திரி துச்சாதனன் வேஷம் கட்டினவருக்கே ஆவேசம் வந்து மயங்கி விழுறதும் கற்பூரம் காட்டி எழுப்புறதும் உண்டு, அங்க வேஷத்துக்கும் ஆளுக்கும் நடுவுல இடைவெளியே இல்லாம போயிடுது. அதே கூத்துல கட்டியக்காரன் நடுவுல புகுந்து ராஜாவையே கிண்டல் பண்ணிட்டு, நம்ம ஊர் சமாச்சாரம் ஒண்ண இழுத்துவிட்டு, எல்லாரையும் சிரிக்க வெச்சு கொஞ்சம் தள்ளி நிக்க வெச்சுடுவான். நியூயார்க்ல டிராமா தெரபி சொல்லிக்கொடுத்த ராபர்ட் லாண்டி இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற நிலையத்தான் அழகியல் தூரம்னு சொன்னாரு. ரொம்ப ஒட்டிட்டா முங்கிடுவோம், ரொம்ப தள்ளிப் போயிட்டா சொந்தக் கதையே நியூஸ் வாசிக்கற மாதிரி வரும், நடுவுல நின்னா அழவும் முடியும், அழறத நாமளே பாக்கவும் முடியும். தெரபிஸ்டோட வேலைல பெரும்பங்கு இந்தத் தூரத்த கூட்டிக் கொறைக்கறதுதான்.

ஒரு கற்பனைக் கேஸ் வெச்சுக்குவோம். கடலூர் முதுநகர்ல மீன்புடிக்கற அண்ணன் தம்பி ரெண்டு பேரு, அப்பா செத்தப்புறம் ஃபைபர் படகு யாருக்குன்னு தகராறு, பேச்சுவார்த்தையே இல்ல. தம்பி வர்றாரு. காலி நாற்காலிய பாத்து முதல்ல திட்டுறாரு, சரி. அப்புறம் இடம் மாறி அண்ணனா உக்காரும்போது தெரபிஸ்ட் அவர பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க, "அண்ணே, தம்பி இப்டி சொல்றாரே, நீங்க என்ன சொல்றீங்க?"ன்னு அண்ணனாவே நடத்துவாங்க. அண்ணன் எப்டி கால் போட்டு உக்காருவாரு, கைய எங்க வெப்பாரு, கோவம் வந்தா குரல் ஏறுமா இறங்குமான்னு உடம்ப முதல்ல கொண்டுவரச் சொல்லுவாங்க. அப்ப தானா ஒண்ணு வாய்ல வரும்: "எஞ்சின் வாங்குன கடன் என் பேர்லதானடா இருக்கு, உனக்கு என்ன தெரியும்?" இந்தக் கடன் தம்பிக்கு முன்னாடியே தெரிஞ்ச விஷயம்தான், ஆனா தம்பியா உக்காந்து நியாயம் பேசுறப்ப அதுக்கு அங்க இடமே இல்ல. ஒண்ணு கவனிக்கணும், நாற்காலில பேசுனது நிஜ அண்ணன் இல்ல, தம்பி மனசுல இருக்கற அண்ணன். நல்ல தெரபிஸ்ட் இத சொல்லாம விடமாட்டாங்க.

இப்டி இடம் மாத்தற முறைய உருவாக்கினவர் ஜேக்கப் லெவி மோரினோ. 1889-ல புக்கரெஸ்ட்ல பொறந்து வியன்னால டாக்டருக்குப் படிச்சவர், 1920-கள்ல அங்க வசனமே எழுதாம அங்கயே இட்டுக்கட்டி நடிக்கற நாடகம் நடத்தினாரு, அப்புறம் அமெரிக்கா போய் 1936-ல பீக்கன்ங்கற ஊர்ல ஆஸ்பத்திரியோட மேடையும் கட்டினாரு. அவர் சொல்ற பார்பரா கதை பிரபலம்: மேடைல சாதுவான வேஷமே போடற நடிகை, வீட்ல புருஷன்கிட்ட எரிஞ்சு விழுவாங்க, மோரினோ அவங்களுக்கு சண்டைக்காரி வேஷமா குடுக்க ஆரம்பிச்சதும் வீட்டு சண்டை கொறஞ்சுது. மேடைல கொட்டினதால கொறஞ்சுதுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. ஆனா அதே கதைல, வீட்ல கோவம் ஏறும்போது மேடைல நடிச்ச சீன் ஞாபகம் வந்து அவங்க சிரிச்சிடுவாங்கன்னும் வருது. எனக்கு அந்த சிரிப்புதான் முக்கியமா படுது, அதுதான் தூரம்.

மூளைலயும் இதோட தடம் கொஞ்சம் கெடச்சிருக்கு. 2019-ல கனடா மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துல ஸ்டீவன் பிரவுன் குழு, பயிற்சி எடுத்த நடிகர்கள ஸ்கேன்ல படுக்க வெச்சு, தானா இருந்தும் ரோமியோ ஜூலியட்டா மாறியும் ஒரே மாதிரி கேள்விகளுக்கு பதில் சொல்ல வெச்சாங்க. பாத்திரமா பேசுறப்ப, நான்ங்கற நெனப்போட தொடர்புள்ள முன்பக்க மூளைப் பகுதிகள் அடங்கிப் போச்சு. சின்னப் பசங்ககிட்டயும் ஒரு சோதனை 2017-ல வந்துது: 4 வயசு, 6 வயசு பசங்களுக்கு போரான ஒரு வேலைய குடுத்துட்டு பக்கத்துலயே வீடியோ கேமையும் வெச்சாங்க, "நான் நல்லா வேலை செய்றனா"ன்னு கேட்டுக்கிட்டவங்கள விட பேட்மேன் மாதிரி வேஷம் போட்டு "பேட்மேன் நல்லா வேலை செய்றானா"ன்னு கேட்டுக்கிட்டவங்க அதிக நேரம் தாக்குப்புடிச்சாங்க.

முடிக்கறதும் முக்கியம். கூத்து முடிஞ்சதும் கிரீடம், அரிதாரம்னு எல்லாத்தையும் கலைச்சிட்டுத்தான் கெளம்புவாங்க இல்ல, தெரபிலயும் அண்ணன் வேஷத்த கழட்டிட்டு, எழுந்து நின்னு சொந்தப் பேர சொல்லி, அந்த நாற்காலிய திரும்ப வெறும் நாற்காலியா ஓரமா வெக்கணும். குரூப்பா நடந்தா அதுக்கப்புறம் பாத்தவங்க பேசலாம், ஆனா அட்வைஸ் கூடாது, இத பாக்கும்போது எனக்கு என்ன ஞாபகம் வந்துதுன்னு மட்டும்தான் சொல்லலாம் (நம்மூர்ல இந்த ரூல காப்பாத்தறதுதான் ஆகக் கஷ்டமா இருக்கும்).

எல்லாத்துக்கும் இது மருந்தாங்கற கேள்விக்கு கையக் கட்டிக்கிட்டுத்தான் பதில் சொல்லணும். ஸ்கிசோஃப்ரினியாங்கற மனச்சிதைவு நோய்க்கு டிராமா தெரபி உதவுதான்னு, மருத்துவ ஆய்வுகளத் திரட்டி எடைபோடற கோக்ரேன் அமைப்போட அறிக்கை 2007-ல பாத்தப்ப கெடச்சது 5 சின்ன ஆய்வுகள்தான், அதவெச்சு உதவும்னோ உதவாதுன்னோ சொல்ல முடியலன்னு முடிச்சாங்க. இல்லாத குரல் காதுல கேக்கறவங்க, ரொம்ப சமீபத்துல பெரிய அதிர்ச்சி பட்டவங்க நேரா நாற்காலி பயிற்சிக்குப் போறத விட மொதல்ல புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி மாதிரி இடத்துல மனநல டாக்டர பாக்கறது நல்லது, 14416-க்கு ஃபோன் பண்ணா அரசோட மனநல உதவி சேவையான டெலி மானஸ்ல தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது. பயிற்சி இல்லாம வீட்ல ஒருத்தர ஒருத்தர் உக்கார வெச்சு இத செஞ்சு பாக்காதீங்க, தூரத்த கொறைக்கறது ஈஸி, திரும்ப கூட்டத் தெரியணும்.