டிரையம்ப் டி.ஆர்.5 வாங்குமுன்: எண்ணும் இரும்பும் ஒத்துப்போகின்றனவா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்க விரும்புவோருக்காக, பணம் கைமாறுவதற்கு முன் காரைப் பரிசோதித்து அறிக்கை தருவது இங்கிலாந்தில் என் தொழில். அதில் நான் மிகுந்த எச்சரிக்கையோடு அணுகும் கார் டிரையம்ப் டி.ஆர்.5. துருவும் எஞ்சின் பழுதும் செலவு வைப்பவைதான் என்றாலும் சரிசெய்யக்கூடியவை. பிறப்பிலேயே வேறொன்றாக இருந்த காரை டி.ஆர்.5 என்று நம்பி வாங்கியவருக்கு அப்படியொரு வழி இல்லை.

1967 ஆகஸ்ட் முதல் 1968 செப்டம்பர் வரை 2,947 டி.ஆர்.5 கார்கள் மட்டுமே தயாராயின. அவற்றின் இரண்டரை லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு லூகாஸ் நிறுவனத்தின், பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் மெக்கானிகல் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் பொருத்தப்பட்டு, 150 குதிரைத்திறன் கிடைத்தது. அதே காலத்தில், ஏறக்குறைய அதே உடலமைப்போடு, அந்தப் பீய்ச்சும் அமைப்புக்குப் பதிலாக இரண்டு ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர்களைக் கொண்ட டி.ஆர்.250 என்ற கார் 8,484 எண்ணிக்கையில் அமெரிக்கச் சந்தைக்காகத் தயாரானது. பல ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவிலிருந்து இந்த டி.ஆர்.250 கார்கள் இங்கே திரும்பி வந்தபோது, சில கார்களின் ஸ்டியரிங் வலப்பக்கம் மாற்றப்பட்டது, இன்ஜெக்‌ஷன் பூட்டப்பட்டது, பெயர்ப்பட்டையும் மாறியது. மாற்றியவர் அதை மறைக்காமல் சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் அது குற்றமல்ல. ஓட்டுவதற்கு அருமையான கார்தான். சிக்கல், அந்தத் தகவல் மூன்றாவது, நான்காவது உரிமையாளரிடம் போய்ச் சேராமல் நின்றுவிடும்போது தொடங்குகிறது.

வாங்க வருபவர்கள் பெரும்பாலும் பானெட்டைத் திறந்து, இன்ஜெக்‌ஷன் இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைகிறார்கள். அது எதையும் நிரூபிக்காது. மீட்டரிங் யூனிட், த்ராட்டில் பாடிகள், டிக்கியில் இருக்கும் மின்சாரப் பம்ப், உபரி பெட்ரோல் திரும்பி வரும் குழாயோடு கூடிய டாங்க் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே வாங்கிவிட முடியும். அதே காரணத்தால், பழைய லூகாஸ் பம்புக்குப் பதிலாக நவீன போஷ் பம்ப் இருந்தால் அதை நான் குறையாக எழுதுவதில்லை. சதுர அங்குலத்துக்குச் சுமார் 106 பவுண்டு அழுத்தத்தைத் தொடர்ந்து தரவேண்டிய அந்தப் பழைய பம்ப், வெயில் நாளில் நெரிசலில் சூடாகி ஓட்டுநரைத் தெருவில் நிறுத்துவதில் பெயர் பெற்றது. காரை உண்மையில் பயன்படுத்தியவர்களே அதை மாற்றியிருப்பார்கள்.

எனவே முதலில் எண்களைப் பார்க்கிறேன். டி.ஆர்.5 காரின் கமிஷன் எண், அதாவது தொழிற்சாலை ஒவ்வொரு காருக்கும் தந்த அடையாள எண், ‘சி.பி.’ என்ற எழுத்துகளில் தொடங்கும், டி.ஆர்.250 காருடையது ‘சி.டி.’ என்று தொடங்கும். எஞ்சின் எண் டி.ஆர்.5-இல் ‘சி.பி.’, டி.ஆர்.250-இல் ‘சி.சி.’. எஞ்சின் எண் ‘எம்.ஜி.’ என்று தொடங்கினால், அந்த எஞ்சின் அதே காலத்து டிரையம்ப் 2.5 பி.ஐ. செடான் காரிலிருந்து வந்தது என்று பொருள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய காரில் எஞ்சின் மாறியிருப்பது வியப்பல்ல. விலை பேசும்போது அது கணக்கில் வரவேண்டும், அவ்வளவே.

அடுத்தது கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் தொழிற்சாலைப் பதிவேடுகளிலிருந்து வழங்கும் பாரம்பரியச் சான்றிதழ். தயாரிப்புத் தேதி, மூல நிறம், எஞ்சின் எண், கார் எந்தச் சந்தைக்கு அனுப்பப்பட்டது என்பவை அதில் இருக்கும். இதன் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சான்றிதழ், குறிப்பிட்ட எண்ணுள்ள கார் ஒன்று ஒருகாலத்தில் தயாரானது என்பதை மட்டுமே உறுதி செய்கிறது. உங்கள் முன் நிற்கும் கார் அதுதானா என்பதை அது சொல்லாது. கமிஷன் எண் பொறித்த தகடு உடலில் பொருத்தப்பட்ட சிறு உலோகத் துண்டு. துருப்பிடித்து அழிந்த காரிலிருந்து அதைக் கழற்றி இன்னொன்றில் பொருத்தப் பத்து நிமிடம் போதும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்த ஒரு கார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தது, தகட்டில் ‘சி.பி.’ எண் இருந்தது, உண்மையான சான்றிதழும் இருந்தது. அந்தச் சான்றிதழ், கார் உள்நாட்டுச் சந்தைக்காக வலப்பக்க ஸ்டியரிங்கோடு தயாரானது என்றது. ஆனால் எஞ்சினுக்கும் பயணிகள் அறைக்கும் இடையிலான தடுப்பான ஃபயர்வாலின் இடப்பக்கத்தில், ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தால் பிரேக், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர்கள் இருக்கக்கூடிய இடத்துக்குக் கீழே, புதிய பெயிண்ட்டின் அடியில் கொத்தாகச் சிறு பள்ளங்கள் தெரிந்தன. பிரேக் ஆயில் கசிந்தால் பெயிண்ட்டை உரித்துவிடும்; உரிந்த இடத்தில் துரு இரும்பைத் தின்னும். வலப்பக்கத்திலோ அந்த இடம் வழவழவென்று இருந்தது. உடல் பல ஆண்டுகள் இடப்பக்க ஸ்டியரிங்கோடு ஓடியிருக்கிறது, சான்றிதழ் அதை மறுக்கிறது. போலித்தனத்தைக் காட்டிக்கொடுத்தது விற்றவர் பெருமையோடு நீட்டிய காகிதம்தான்.

இங்கே அவசரப்பட்டுத் தவறான முடிவுக்கும் போய்விடக்கூடாது. டி.ஆர்.5 கார்களில் 1,161 மட்டுமே பிரிட்டனுக்கானவை. மற்றவை பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி போன்ற நாடுகளுக்கு இடப்பக்க ஸ்டியரிங்கோடு சென்றன. ஆகவே ஸ்டியரிங் மாற்றப்பட்ட தடயம் மட்டும் ஒரு காரைப் போலி ஆக்கிவிடாது. தடயமும் சான்றிதழும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்பதே கேள்வி.

பதிவுச் சான்றான வி5சி தாளில், முதல் பதிவுத் தேதியும் பிரிட்டனில் முதல் பதிவான தேதியும் வேறுபட்டால், கார் கடல் கடந்து வந்தது என்று அறியலாம். புதுப்பிக்கும் பணியின்போது எடுத்த புகைப்படங்களையும் கேளுங்கள். இவ்வளவு செலவு செய்தவர் ஒரு படம்கூட எடுக்கவில்லை என்றால், நான் தயங்குவேன்.

வாங்குவது என்று முடிவானால், ரசீதில் ‘டிரையம்ப்’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். ‘தொழிற்சாலையில் டி.ஆர்.5 ஆகத் தயாரான கார்’ என்ற சொற்களும், கமிஷன் எண்ணும், எஞ்சின் எண்ணும் விற்பவரின் கையொப்பத்துக்கு மேலே இருக்கவேண்டும். தனிநபர் விற்றாலும் பொருள் வர்ணனைக்கு ஒத்திருக்கவேண்டும் என்பது இங்குள்ள சட்டம். அந்த வரியை எழுதத் தயங்கிய ஒரு விற்பனையாளர், அதே மேசையில் விலையைக் குறைக்க முன்வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.