புள்ளைக்கு நாய்க்குட்டி வாங்கி குடுத்தாச்சு, சரி, மொதல்ல பெரியவங்க கொஞ்சம் கேளுங்க

ஏப்ரல் லீவு முடிஞ்சு ஸ்கூல் தொடங்கினா என் மிருக கிளினிக்குக்கு என்ன வரும்னு எனக்கு முன்கூட்டியே தெரியும். லீவுக்கு கொழும்புல இருந்து வந்த மாமா ஒரு குட்டிய வாங்கி குடுத்துட்டு போயிருப்பாரு, இல்லாட்டி தேயிலை பெக்டரி பக்கம் போட்ட குட்டிகள்ல ஒண்ண புள்ளைங்களே சுவெட்டருக்குள்ள ஒளிச்சு தூக்கிட்டு வந்திருக்கும். ரெண்டு கெழமைக்கு லயத்து வரிசை வீடு பூரா அந்த குட்டிய சுத்தி நிக்கும். அதுக்கு பொறகு ஒருநாள் அப்பா அத பிஸ்கட் பெட்டில போட்டு த்ரீவீல்ல கொண்டாந்து என் மேசை மேல வச்சுட்டு சொல்லுவாரு, "டொக்டர், இது சரியான முரட்டு குட்டி, புள்ளைய கடிக்குது, ஒரு ஊசிய போட்டு முடிச்சு விட்டுருங்க."

வயசு ரெண்டரை மாசம். வாயில இருக்கிறது பால் பல்லு.

இந்த வாரமும் ஒண்ணு வந்துச்சு. ஒவ்வொருத்தருக்கா சொல்லி சொல்லி வாய் வலிச்சு போனதால எழுதுறேன்.

மொத விஷயம், குட்டி கடிக்கிறது முரட்டுத்தனம் இல்ல. திருப்பியும் சொல்றேன், இல்ல. நாய்க்கு கை கெடையாது, ஒரு சாமான் என்னன்னு பாக்கணும்னாலும் விளையாடணும்னாலும் "என்னைய பாரு"ன்னு கூப்பிடணும்னாலும் அதுக்கு இருக்கிறது வாய் மட்டும் தான். பால் பல்லு 28, நாலு மாசம் போல விழ தொடங்கி ஆறு ஏழு மாசத்துக்குள்ள 42 பெரிய பல்லா மாறும், அந்த காலம் பூரா ஈறு அரிச்சுகிட்டே இருக்கும், உங்க கைப்புள்ளைக்கு பல்லு மொளைக்கிறப்ப கைல கெடைச்சதெல்லாம் கடிச்சுதே அதே கதை தான், அப்ப அந்த புள்ளைய முரடுன்னு யாரும் சொல்லல்லயே. அதுக்கும் மேல, எவ்வளவு பலமா கடிச்சா வலிக்கும்னு ஒரு குட்டி படிக்கிறது கூடப்பொறந்த குட்டிகள்கிட்டயும் தாய்கிட்டயும். நம்மாளுங்க முப்பது நாள்லயே தாய்கிட்ட இருந்து பிரிச்சு தூக்கிட்டு வந்துடுறாங்க. எட்டு வாரம் வரைக்கும் தாயோட விடுங்கன்னு சொன்னா, "அதுக்குள்ள வேற ஆளு எடுத்துடுவாங்க டொக்டர்"னு பதில் வருது. அப்புறம் அது கடிக்குதுன்னு என்கிட்டயே முறைப்பாடு.

இதுல புள்ளைங்க பக்கத்துலயும் ஒரு விஷயம் இருக்கு. குட்டி லேசா கவ்வின ஒடனே புள்ள கீச்சுன்னு கத்தி, கைய மேல தூக்கி, ஓடும். குட்டிக்கு அது விளையாட்டு, இன்னும் தொரத்தும், பாவாடைய பிடிச்சு இழுக்கும். புள்ளைக்கு நீங்க பழக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு தான்: கடிச்சா ஓடாத, கத்தாத, கைய கட்டிகிட்டு அப்படியே நில்லு, மொகத்த வேற பக்கம் திருப்பு. விளையாட்டு நின்னு போனது வெளங்கினா குட்டி விட்டுடும், விட்ட ஒடனே கடிக்கிறதுக்கு வேற ஒண்ண குடுங்க. பழைய துணிய முடிச்சு போட்டு, நனைச்சு, குளிர வச்சு குடுத்தா ஈறுக்கு சொகமா இருக்கும் (நுவரெலியா, ராகலை பக்கம் இருக்கிறவங்களுக்கு பிரிட்ஜ் கூட தேவையில்ல). பழைய செருப்ப மட்டும் குடுக்காதீங்க, பழைய செருப்புக்கும் ஸ்கூல் சப்பாத்துக்கும் வித்தியாசம் அதுக்கு தெரியாது.

அடிச்சா அடங்கும்னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. அடிச்சா குட்டி கைய பாத்து பயப்படும், அவ்வளவு தான். பயந்த நாய் உறுமாது, ஏன்னா உறுமினாலும் அடி விழும்னு படிச்சிருக்கும், ஆறு மாசம் கழிச்சு சத்தமே இல்லாம கடிக்கும். அதுவும் அப்பாவ கடிக்காது, வீட்டுல ஆகச் சின்ன ஆள தான் கடிக்கும். மூத்திரம் போன எடத்துல மூக்க புடிச்சு தேய்க்கிறதும் அப்படித்தான். இத யாரு கண்டுபிடிச்சு தந்தாங்களோ தெரியல்ல, மூணு தலைமுறையா நடக்குது. அதுல குட்டி படிக்கிறது, மனுசன் இருக்கிற எடத்துல போகக்கூடாது, கட்டிலுக்கு கீழ ஒளிஞ்சு போகணும்னு. நீங்க அடிக்கிறத புள்ள பாத்துகிட்டு இருக்கு, நீங்க மலைக்கு வேலைக்கு போன பொறகு அதே மாதிரி அதுவும் அடிக்கும்.

ஒண்ணுக்கு ரெண்டுக்கு பழக்குறது உண்மையிலயே புள்ளைங்க அழகா செய்யக்கூடிய வேலை. தூங்கி எழும்பின ஒடனே, சாப்பிட்ட ஒடனே, விளையாடி முடிச்ச ஒடனே, இந்த மூணு நேரமும் இஸ்தோப்ப (திண்ணைய) விட்டு எறக்கி ஒரே எடத்துக்கு கூட்டிட்டு போகணும், தெனமும் எடத்த மாத்தக்கூடாது. போய் முடிச்ச அந்த நிமிசமே பாராட்டி ஒரு துண்டு அவிச்ச முட்டையோ கோழியோ குடுக்கணும், வீட்டுக்குள்ள வந்து குடுத்தா எதுக்கு குடுத்தோம்னு அதுக்கு தெரியாது. ரெண்டு மாச குட்டி மூணு மணித்தியாலத்துக்கு மேல அடக்காது, அதனால காலைல ஏழு மணிக்கு காம்பராவுல பூட்டிட்டு போயி பின்னேரம் வந்து தொறந்து பாத்துட்டு ஏசுறதுல நியாயம் இல்ல, பக்கத்து காம்பரா ஆச்சிகிட்டயாவது சொல்லிட்டு போங்க. ராத்திரில மட்டும் புள்ளைய தனியா அனுப்ப வேணாம், பெரியவங்க டோர்ச் எடுத்துகிட்டு போங்க. தோட்டத்துக்குள்ள வர்ற சிறுத்தை நாயையும் தூக்கிடும்னு நான் சொல்லி உங்களுக்கு தெரிய வேண்டியதில்ல. அதே காரணத்துக்காக குட்டிய ராவைக்கு வெளிய கட்டி போடாதீங்க, காவலுக்குன்னு சொல்லாதீங்க, மூணு மாச குட்டி எத காவல் காக்க போகுது?

தூக்கம். இத யாருமே நம்புறதில்ல. குட்டி ஒரு நாளைக்கு 18 மணித்தியாலத்துக்கு மேல தூங்கணும். வீட்டுல நாலு புள்ளைங்க இருந்தா ஒண்ணு மாத்தி ஒண்ணு தூக்கிட்டே திரியும், பொழுதுபட அந்த குட்டி கண்ணு மண்ணு தெரியாம ஓடி கண்டதையெல்லாம் கடிக்கும். அது வெறி இல்ல, தூக்கம் இல்லாத கேடு. தூங்குற குட்டிய தொடக்கூடாது, சாப்பிடுற குட்டிக்கிட்ட கை வைக்கக்கூடாது, இந்த ரெண்டு சட்டமும் புள்ளைங்களுக்கு மொத நாளே சொல்லிருங்க.

தூக்குறதுலயும் கவனம். நின்னுகிட்டு தூக்க விடாதீங்க, தரைல ஒக்காந்து மடில வச்சுக்கட்டும், ஒரு கை நெஞ்சுக்கு கீழ, ஒரு கை பின்பக்கத்துக்கு கீழ. முன்னங்கால புடிச்சு தூக்கி கைதவறி விழுந்து கால் ஒடைஞ்ச குட்டிகள பேராதனை மிருக ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்கிறப்ப, பஸ் காசும் மருந்து காசும் கேட்டு அந்த வீட்டுக்காரங்க மொகம் போற போக்க பாக்க எனக்கே ஏலாது.

பழக்குறதுக்கு பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. ஒரு தடவைக்கு மூணு நாலு நிமிசம், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை போதும். தின்ற சாமான மூக்குக்கு மேல புடிச்சு மெதுவா பின்னால கொண்டு போனா தானா ஒக்காரும், ஒக்காந்தா குடு, அவ்வளவு தான், பத்து வயசு புள்ள ஒரு கெழமைல செஞ்சுடும். ஆனா வீட்டுல அப்பா "சிட்"ங்கிறாரு, அம்மா "ஒக்காரு"ங்கிறாங்க, டவுன்ல வேலை செய்ற அண்ணன் சிங்களத்துல "வாடிவெயன்"ங்கிறான், குட்டி மூணு பேரையும் மாறி மாறி பாத்துட்டு படுத்துக்குது. ஒரு சொல்ல முடிவு பண்ணி அடுப்படி சொவத்துல எழுதி ஒட்டுங்க. அஞ்சு வயசுக்கு கொறைஞ்ச புள்ளையையும் குட்டியையும் மட்டும் ஒரே காம்பராவுல தனியா விடாதீங்க, எவ்வளவு நல்ல குட்டியா இருந்தாலும்.

சாப்பாடு: ரெண்டு மூணு மாசத்துல ஒரு நாளைக்கு நாலு தடவை, கொஞ்சம் கொஞ்சமா. பால்மா கரைச்சு குடுத்து வயித்தால போகுதுன்னு வராதீங்க. வெறும் சோறும் கொழம்பும் பத்தாது, முட்டை, கோழி, ஊற வச்சு உப்பு போக்கின நெத்தலி ஏதாச்சும் சேருங்க. வெங்காயம், சொக்லட், முந்திரிகை வத்தல் (காஞ்ச திராட்சை) ஆகாது. காரம் குடுத்தா ரோஷம் வரும்ங்கிறது பொய், வயித்துப்புண்ணு தான் வரும். காய்ச்சல்னா பனடோல் (பரசிட்டமோல்) குடுக்காதீங்க, தயவு செஞ்சு, நாயோட ஈரலையும் ரத்தத்தையும் கெடுத்துடும். படுக்க உரச்சாக்கு போடாதீங்க, கழுவினாலும் வேணாம், பழைய படங்கோ சுவெட்டரோ போதும். பீலில கொண்டு போயி பச்சத்தண்ணில குளிப்பாட்டுற புள்ளைங்கள கண்டா நிப்பாட்டுங்க, இந்த குளிருக்கு சளி நெஞ்சுக்கு எறங்கிடும்.

இனி சொல்றது தான் முக்கியம். போன மாசம் ஒருத்தர் வீட்டு பெரிய நாய்க்கு ஊசி போட கூட்டிகிட்டு வந்தாரு. பேச்சுவாக்குல, வீட்டுல இருந்த குட்டி ரெண்டு நாள் எச்சி வடிச்சுகிட்டு, தண்ணி குடிக்காம, பெட்டிய கடிச்சுகிட்டே கெடந்து செத்து போச்சு, தேயிலைக்குள்ள பொதைச்சுட்டோம்னாரு. எனக்கு பக்குன்னுச்சு. யாரையாவது கடிச்சுதான்னு கேட்டேன். "இல்ல டொக்டர், யாரையும் இல்ல." பின்னால நாலாம் ஆண்டு படிக்கிற மகள் நின்னுச்சு, அது தன்னோட சப்பாத்த பாத்துகிட்டே இருந்துச்சு. குனிஞ்சு ஒக்காந்து கேட்டேன், "பாப்பா, குட்டி மேலயும் ஒங்க மேலயும் யாரும் கோவப்பட மாட்டாங்க, எங்க பட்டுச்சுன்னு மட்டும் காட்டுங்க." மெதுவா வெள்ளை மேஸ (காலுறைய) எறக்கி காட்டுச்சு. கணுக்காலுக்கு மேல ரெண்டு பொட்டு, மேல காஞ்சு போன மஞ்சள், அண்ணன் பூசி விட்டிருக்கான். ஏன் சொல்லலன்னு கேட்டா, "கடிச்சா குட்டிய கான்ல (சாக்கடைல) தூக்கி போட்டுருவேன்னு அப்பா சொன்னாரு."

அப்பாவுக்கு பேச்சு வரல்ல. நேரா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், ஊசி எல்லாம் போட்டு புள்ள இப்ப நல்லா இருக்கு. குட்டிய பொதைச்சுட்டதால தலைய கொழும்பு எம்.ஆர்.ஐ.க்கு (மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு) அனுப்பி பாக்கவும் வழியில்லாம போச்சு, அதனால விசர் (ரேபிஸ்) நோய்னே எடுத்துகிட்டு தான் வைத்தியம்.

குட்டிக்கு விசர் வராதுன்னு நெனைக்காதீங்க, வரும். நக்கினது ஒரு கீறல்ல பட்டாலும் வரும். நோய் குணம் தெரிய தொடங்கின பொறகு மருந்து கெடையாது, அதுக்கு முன்ன போட்டா ஊசி காப்பாத்தும், அரசாங்க ஆஸ்பத்திரில அந்த ஊசி காசில்லாம போடுறாங்க. கடியோ கீறலோ பட்ட ஒடனே பீலிக்கு கூட்டிட்டு போயி ஓடுற தண்ணில சவுக்காரம் போட்டு 15 நிமிசம் கழுவுங்க, மஞ்சள், கோப்பித்தூள், சுண்ணாம்பு ஒண்ணும் வேணாம், கழுவிட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரி. சம்பளம் போகுதுன்னு நாளைக்கு தள்ளாதீங்க. அதுக்கெல்லாம் முன்ன புள்ள உங்ககிட்ட வந்து சொல்லணும் இல்லையா? அதனால குட்டி வீட்டுக்கு வர்ற அன்னைக்கே சொல்லி வைங்க: "கடிச்சா, கீறினா சொல்லு, ஒன்னையும் அடிக்க மாட்டோம், குட்டியையும் வீச மாட்டோம்." சொன்னா சொன்னபடி இருங்க.

பூச்சி மருந்து ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை மூணு மாசம் வரைக்கும், அப்புறம் ஆறு மாசம் வரைக்கும் மாசத்துக்கு ஒண்ணு. வயிறு உப்பி இருந்தா கொழு கொழுன்னு இருக்குன்னு சந்தோஷப்படாதீங்க, பூச்சியா தான் இருக்கும், தாய் வயித்துலயே தொத்தி வர்ற பூச்சி அது. அந்த முட்டை மண்ணுல கெடந்து, மண்ணுல விளையாடி கை கழுவாம பாண் சாப்பிடுற புள்ளைக்கு போகும், கண்ணுக்கு கூட ஏறும். பார்வோங்கிற ரத்த வயித்தால போற நோய்க்கு ஊசி ஆறு எட்டு வாரத்துல தொடங்கி 16 வாரம் வரைக்கும் தவணை தவணையா, ஒண்ணோட நிப்பாட்டாதீங்க. அது முடியுற வரைக்கும் குட்டிய ரோட்டுல, நாய்ங்க கூடுற எடத்துல எறக்க வேணாம், ஆனா கைல தூக்கிட்டு போயி பஸ், ஆளு, கோயில் மேளம் எல்லாத்தையும் தூரத்துல இருந்து காட்டுங்க, இந்த வயசுல பாத்தது தான் பெரிசானப்ப பயமில்லாம இருக்கும். விசர் ஊசி பி.எச்.ஐ. (சுகாதார பரிசோதகர்) ஆளுங்க தோட்டத்துக்கு வர்றப்ப காசில்லாம போடுறாங்க, எந்த நாள்னு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸ்ல கேட்டு வைங்க, வருசா வருசம் போடணும்.

ஊசி கார்ட புள்ளையோட கிளினிக் கார்ட் கூடவே ஒரே பேக்ல வைங்க. தொலைஞ்சு போச்சு, எலி தின்னுடுச்சு, குட்டியே தின்னுடுச்சுன்னு வந்தா கண்டிப்பா ஏசுவேன்.