தாழ்த்திய காரில் அகல டயர்: உரசல் எங்கே தொடங்குகிறது?

கீழக்கரை வாசகர் ஒருவரின் கேள்வி இது. தன் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரை ஸ்பிரிங் மாற்றி 30 மி.மீ. இறக்கியிருக்கிறார். 205/55 ஆர் 16 டயர் (அகலம் 205 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் விட்டம் 16 அங்குலம்), 7 ஜே ரிம் (7 அங்குல அகலம்), ஆஃப்செட் 45 (ரிம்மின் நடுக்கோடு, அச்சு முனையான ஹப்பில் பொருந்தும் முகத்திலிருந்து 45 மி.மீ. உள்ளே) என்று இருந்தது. இப்போது 225/45 ஆர் 17 டயர், 8 ஜே ரிம், ஆஃப்செட் 35. வண்டி நிற்கும்போது டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே விரல் தாராளமாக நுழைகிறது. ஆனால் பாம்பன் சாலைப் பாலத்தின் இணைப்புகளிலும் வேகத்தடைகளிலும் ‘சரக்’கென்று உரசுகிறது. இடம் இருந்தும் ஏன்?

நிற்கிற வண்டியில் எடுத்த அளவு நிற்கிற வண்டிக்குத்தான். உரசுவது சக்கரம் மேலே ஏறி முட்டும்போது.

முதலில் கணக்கு. பழைய டயரின் விட்டம் 631.9 மி.மீ., புதியது 634.3. ஆரத்தில் 1.2 மி.மீ. மட்டுமே கூடுதல் என்பதால் உயரத்தில் தவறு இல்லை. 225/55 ஆர் 16 வாங்கியிருந்தால் ஆரம் 11 மி.மீ. கூடியிருக்கும். அகலத்தில் பக்கத்துக்குச் சுமார் 10 மி.மீ. கூடியிருக்கிறது. ஆஃப்செட் குறைந்ததால் சக்கரத்தின் நடுக்கோடும் 10 மி.மீ. வெளியே வந்துவிட்டது. ஆக டயரின் வெளித்தோள் (வெளிப்பக்க விளிம்பு) ஏறக்குறைய 20 மி.மீ. வெளியே, உள்தோள் இருந்த இடத்திலேயே. கம்பெனிக்குக் கம்பெனி உண்மை அகலம் சில மி.மீ. வேறுபடும். டயரை ரிம்மில் ஏற்றிக் காற்றடித்த பிறகு காலிப்பர் வைத்து அளந்துகொள்வது நல்லது.

காரை இறக்கினால் சக்கரம் மேலே போகும் எல்லையும் உயர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உயராது. அந்த எல்லையை வைப்பது ஸ்பிரிங் அல்ல, ஷாக் அப்சார்பர் தண்டில் கோத்திருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற நுரைக்கட்டை. அதில் கை வைக்காதவரை உச்சி பழைய உச்சிதான். சக்கரம் எத்தனை முறை அங்கே போய் முட்டுகிறது என்பதுதான் மாறுகிறது. நின்ற நிலையிலிருந்து பம்ப் ஸ்டாப் வரை 60 மி.மீ. இருந்தது, இப்போது 30 என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங் கூடுதலாக விழுங்கும் ஆற்றல் பயணத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பயணம் பாதியானால் விழுங்கும் ஆற்றல் கால் பங்கு! பழைய மேட்டைப் பழையபடி தாங்க நான்கு மடங்கு விறைப்பான ஸ்பிரிங் வேண்டும். சாலையில் ஓட்டும் வண்டிக்கு அதைப் போட முடியாது. அதனால்தான் முன்பு எப்போதாவது போய் முட்டிய இடத்தை இப்போது ஒவ்வொரு பாலத்திலும் முட்டுகிறது.

உச்சிக்குப் போகும் வழியும் நேர்கோடு அல்ல. மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) முன்சக்கரத்தில், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ் ஆர்ம் ஒரு வில்லாகச் சுழல்கிறது. சக்கரம் ஏற ஏற டயரின் தலை முதலில் உள்ளே சாய்ந்து, ஃபெண்டர் விளிம்புக்கு வழிவிடும். ஆர்மும் ஸ்ட்ரட்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகும் வரைதான் இந்தச் சலுகை. அதைத் தாண்டினால் தலை மீண்டும் வெளியே நிமிர ஆரம்பிக்கும். மூன்றே மூன்று கீல்களும் ஒரு சறுக்கு தண்டும் சேர்ந்து இவ்வளவு நுட்பமாக நடந்துகொள்வது எத்தனை முறை வரைந்து பார்த்தாலும் அழகுதான். இறக்கிய வண்டி அந்தத் திருப்பத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. பம்ப் ஸ்டாப்பை வெட்டியவர்களுக்கு இரட்டை நட்டம்: டயர் இன்னும் மேலேயும் போகிறது, வெளியே நிமிரவும் செய்கிறது.

ஆகவே அளக்க வேண்டியது உச்சியில். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்ட்ரட்டைப் பிரித்து ஸ்பிரிங்கை மட்டும் எடுத்துவிட்டு, பம்ப் ஸ்டாப்போடு திரும்பப் பூட்டுங்கள். இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஆன்டி ரோல் பாரின் லிங்கைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கம்பி சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். ஃபெண்டர் விளிம்பிலும் அதன் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரிலும் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டி, ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, வண்டி ஸ்டாண்டை விட்டு எழும்பப் போகும் வரை உயர்த்துங்கள். பம்ப் ஸ்டாப் நசுங்கும் என்பதால் அது தொட்டவுடன் நிறுத்தக் கூடாது. ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்புங்கள். மிஞ்சிய களிமண்ணின் தடிமன்தான் உங்கள் இடைவெளி. ஃபெண்டர் பக்கம் 8 மி.மீ., ஸ்ட்ரட் பக்கம் 5 மி.மீ. இருந்தால் போதும். நடுக்கோடு வெளியே வந்ததால் ஸ்டீயரிங் திருப்பும்போது டயர் பெரிய வட்டம் போடும். பம்பர் மூலையையும் லைனரின் பின்பக்கத்தையும் பார்க்கத் தவறாதீர்கள்.

இடம் போதாவிட்டால் முதலில் கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு. 1 டிகிரி உள்ளே சாய்த்தால் டயரின் தலை ஹப்பைவிடச் சுமார் 5.5 மி.மீ. உள்ளே போகும். ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட்டில் சாய்த்தால் டயர் ஸ்ட்ரட்டை நெருங்கும். மேலே கேம்பர் பிளேட்டில் சாய்த்தால் ஸ்ட்ரட்டும் சேர்ந்தே சாய்வதால் அந்த இடைவெளி குறையாது. அடுத்தது பம்ப் ஸ்டாப்புக்கு மேல் 10 மி.மீ. பேக்கர் (தடிமன் துண்டு). முட்டு கொஞ்சம் முரட்டுத்தனமாகும், ஆனால் உச்சி இறங்கும்.

ஃபெண்டர் விளிம்பை உருட்டி மடிப்பதைக் கடைசி வழியாக வையுங்கள், அதுவும் நம் கடற்கரையில். அந்த விளிம்பில் தகடு மடிந்திருக்கும்; மடிப்புக்குள் சீலர் இருக்கும். பெயிண்டை 60 டிகிரிக்குச் சூடாக்கி மெதுவாக உருட்டினாலும் சீலர் விரிசல் விடலாம். மண்டபம், தனுஷ்கோடி பக்கம் மழையே வேண்டாம்: சோடியம் குளோரைடு 75 சதவீத ஈரப்பதத்திலேயே காற்றின் நீரை இழுத்துக் கரையும், கடல் உப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு அதைவிட வெகு முன்னரே கரையும். மடிப்புக்குள் உப்புநீர் நிரந்தரமாகக் குடியேறி, உள்ளிருந்து வெளியே அரிக்கும். உருட்டிய அன்றே சீம் சீலரும் உட்குழிவு மெழுகும் பூசிவிட வேண்டும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் உலோகத் தகடுகளைக் கடல் காற்றில் வைத்துச் சோதிப்பது இதற்காகத்தான். வருடக்கணக்கில் காத்திருந்தால்தான் முடிவு கிடைக்கும் ஆய்வு இது. அதற்கு மூன்று வருட நிதி கொடுத்துவிட்டுப் பலன் கேட்பது நியாயமில்லை.

புது டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கிளம்புவது அவரவர் நம்பிக்கை. தாங்கும் எடையை அது கூட்டாது. பக்கச்சுவரில் எடைக் குறியீடு 91 என்றிருந்தால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 87 என்றால் 545 தான். எல்லாம் செய்தும் இடைவெளி வராவிட்டால் 215/45 ஆர் 17-க்கு இறங்கலாம்; பக்கத்துக்கு 5 மி.மீ. மிஞ்சும். அந்த அளவு 87-லும் வருகிறது, 91 எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்கும் வகை) என்றும் வருகிறது. பழைய டயர் 91 என்றால் எக்ஸ்எல்லையே கேட்டு வாங்குங்கள், காற்றழுத்தத்தையும் அதன் அட்டவணைப்படி கூட்டி வையுங்கள்.