ஜோடிக்காக மறைக்கப்படும் மணிக்கட்டு வலி

"வலிக்கல மேடம்" என்றாள் அந்த 12 வயதுப் பெண். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, பெருவிரல் பக்கமாக என் விரலை வைத்து அழுத்தினேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, ஆனால் தோள் மட்டும் காதை நோக்கி உயர்ந்தது. உள்ளங்கையை மேசையில் ஊன்றி உடம்பு எடையைப் போடச் சொன்னேன். விரல்களை மடக்கி, முஷ்டியாக வைத்து ஊன்றினாள். பல வாரமாகவே அவள் அப்படித்தான் சமாளித்து வந்திருக்கிறாள் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

அறைக்கு வெளியே 16 வயதுப் பெண் ஒருத்தி கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள்தான் இவளுடைய ஜோடி. "மூணு வாரத்துல போட்டி இருக்கு. அது முடிஞ்சதும் ரெஸ்ட் எடுத்தா போதாதா?" என்று அம்மா கேட்டார்.

பிசியோதெரபிஸ்டாக ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அக்ரோபாட்டிக் ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளிடம் மட்டும் இந்த 'வலிக்கல' கொஞ்சம் வேறு மாதிரியானது. ஏன் என்று புரிய வேண்டுமானால் அந்த விளையாட்டைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

இதில் கம்பி, வளையம் போன்ற கருவிகள் எதுவும் கிடையாது. சக வீரரின் உடம்புதான் கருவி. கீழே நின்று தாங்குபவர் பேஸ், மேலே ஏறுபவர் டாப், மூவர் நால்வர் சேரும் குழுக்களில் இடையில் மிடில். பெண்கள் ஜோடி, ஆண்கள் ஜோடி, கலப்பு ஜோடி, மூன்று பெண்கள் குழு, நான்கு ஆண்கள் குழு என்று ஐந்து பிரிவுகள். 12 மீட்டருக்கு 12 மீட்டர் தளத்தில், இசையோடு, இரண்டரை நிமிடத்துக்கு மிகாமல் செய்ய வேண்டும். பேலன்ஸ் சுற்றில் பிரமிடு போன்ற நிலைகளை மூன்று விநாடி அசையாமல் பிடிக்க வேண்டும். டைனமிக் சுற்றில் டாப்பை மேலே வீசி, காற்றில் சுழலவிட்டுப் பிடிப்பார்கள்.

பேஸின் கைகள்மேல் டாப் தலைகீழாக நிற்பதைப் பார்த்தால், மேலே நிற்பவள்தான் பேலன்ஸ் செய்கிறாள் என்று தோன்றும். உண்மையில் அவள் உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டால் போதும், சரிசெய்வதெல்லாம் கீழே இருப்பவளின் வேலை. மேலே உள்ளவளும் தன் பங்குக்குச் சரிசெய்யப் போனால் இருவரும் ஆடிப்போவார்கள். இப்படி முழுக்க ஒப்புக்கொடுக்கும் பழக்கம் வர மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகும். அதனால் ஒருத்தி காயப்பட்டால் இன்னொருத்தியை வைத்துச் சமாளிக்க முடியாது. ஜோடியே போட்டியிலிருந்து விலக வேண்டியதுதான்.

அந்தப் போட்டிகளும் அடிக்கடி வருவதில்லை. "இது ஒலிம்பிக்ஸ்ல இருக்கா?" என்று பெற்றோர் பலரும் கேட்கிறார்கள். இல்லை. ஒலிம்பிக்ஸில் உள்ளவை ஆர்ட்டிஸ்டிக், ரிதமிக், டிராம்போலின் ஆகிய மூன்று ஜிம்னாஸ்டிக்ஸ்தான். அக்ரோவுக்கு உலகச் சாம்பியன்ஷிப் உண்டு. முதலாவது 1974இல் மாஸ்கோவில் நடந்தது, 2022இல் பாகுவில், 2024இல் போர்ச்சுகலின் கிமரைஸில். ஒலிம்பிக்ஸில் இடமில்லாத விளையாட்டுகளுக்கான வேர்ல்டு கேம்ஸில் இதற்கு இடம் உண்டு, 2025இல் செங்டூவிலும் நடந்தது. 2015 பாகு, 2019 மின்ஸ்க் ஐரோப்பிய விளையாட்டுகளிலும் இருந்தது. 2018இல் புவெனஸ் அயர்ஸ் இளையோர் ஒலிம்பிக்ஸில் சேர்த்தார்கள், அதுவும் கலப்பு ஜோடி மட்டும்.

ஏன் அது மட்டும் என்று யோசித்தால் ஒரு சிக்கல் புலப்படும். ஐந்து பிரிவுக்கும் ஒரே ஒரு அணி அனுப்பினாலும் ஒரு நாட்டுக்கு 13 பேர் தேவை. கோடைக்கால ஒலிம்பிக்ஸில் மொத்த வீரர் எண்ணிக்கையை ஏறத்தாழ 10,500க்குள் வைக்க விரும்புகிறார்கள். ஒரு பதக்கத்துக்கு நான்கு பேர் வரை என்றால் அங்கே இடம் பிடிப்பது லேசில்லை. டிராம்போலின் 2000இல் சிட்னியில் உள்ளே வந்துவிட்டது. அக்ரோவும் அந்த மேடைக்குத் தகுதியானதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, இதற்கும் மணிக்கட்டுக்கும் என்ன சம்பந்தம்? மேடைகள் குறைவு. ஜோடியின் ஆயுளும் குறைவு, ஏனென்றால் டாப் வளர்ந்துகொண்டே இருக்கிறாள். அடுத்த வருடம் இதே ஜோடி இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. 'நான் வலிக்குதுன்னு சொன்னா அக்காவோட வாய்ப்பு போயிடும்' என்று 12 வயது மனசு கணக்குப் போடுகிறது. அது கோழைத்தனமோ பொய்யோ அல்ல, அன்பு. அதனால்தான் அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 11, 12 வயதிலும், பையன்களுக்கு 13, 14 வயதிலும் உயரம் வேகமாகக் கூடும். அந்த வயதில் முன்கை எலும்பின் நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீளும் இடம், குருத்தெலும்பாகவே இருக்கும். தினமும் கைகளில் எடை தாங்கினால் முதலில் அடிபடுவது அந்த இடம். ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். பேண்டேஜ் சுற்றிக்கொண்டு தொடர்ந்தால் அந்த எலும்பின் வளர்ச்சியே பாதிக்கப்படலாம். பேஸ்களிடம் நான் அதிகம் பார்ப்பது கீழ்முதுகு வலி. பின்னால் வளையும்போது ஒரு பக்கம் குத்துகிறது என்றால், அது தசைப்பிடிப்பு என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். முதுகெலும்பில் நுண்முறிவாகவும் இருக்கலாம்.

எடை பற்றியும் சொல்லியாக வேண்டும். 'டாப் கனமாகிட்டா' என்ற ஒரு வார்த்தை போதும், இரவுச் சாப்பாடு பாதியாகிவிடும். வளரும் பிள்ளைக்கு எடை கூடத்தான் வேண்டும். மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டாலோ, 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். 'விளையாடுற பொண்ணுங்களுக்கு அப்படித்தான்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உணவுக்கும் பயிற்சிக்கும் கணக்கு உதைக்கும்போது எலும்பும் ஹார்மோனும் சேர்ந்தே அடிவாங்குகின்றன.

பிள்ளையிடம் "வலிக்குதா?" என்று கேட்பதில் பயனில்லை. "எதைச் செய்யும்போது கையை மாத்தி வைக்கிற?" என்று கேளுங்கள். ஜோடியும் பயிற்சியாளரும் இல்லாத நேரத்தில் கேளுங்கள். பேஸிடமும் தனியாகக் கேளுங்கள், டாப்பின் கை தளர்வது முதலில் அவளுக்குத்தான் தெரியும்.

அன்று நான் செய்ததும் அதுதான். வெளியே இருந்த 16 வயதுப் பெண்ணை உள்ளே கூப்பிட்டேன். "ஒரு மாசமா இடது கையில அவ சரியா அழுத்தறதில்ல மேடம். கேட்டா ஒண்ணுமில்லன்னுடறா" என்றாள். எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். எக்ஸ்ரேயில் வளர்ச்சித் தட்டு பாதிக்கப்பட்டிருப்பது தெரிந்தது. போட்டிக்குப் போகவில்லை. அம்மா அழுதார். சின்னவள் அழவில்லை, அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அடுத்ததுக்குப் போகலாம்டி" என்று அக்கா சொன்ன பிறகுதான் அழுதாள்.

எட்டு வாரம் கழித்து மறுபடி வந்தாள். உள்ளங்கையை மேசையில் முழுசாக ஊன்றினாள். நான் கேட்பதற்கு முன்பே மற்றக் கை விரலால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டி, "இங்க இன்னும் கொஞ்சம் இருக்கு மேடம்" என்றாள்.